இரண்டாவது சாட்சி

மகன் செந்தூரனுக்கு,

மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிற்கையில், நீ குசினி வாசலில் வந்து நின்றாய். ஏதாவது கேட்க வந்தால் நீ நேரே கேட்கமாட்டாய், முதலில் பிறிட்ஜைத் திறந்து பார்ப்பாய். அன்றைக்கும் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடிவிட்டு, "அம்மா, நானும் மெலனியும் டிசைட் பண்ணிட்டம். சிற்றி ஹோலுக்குப் போய் சைன் வைச்சுப்போட்டு வாறம். மாமாவுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வருசம் போகட்டும், அவர் கொஞ்சம் ஆறினாப்பிறகு பெரிசாச் செய்வம்," என்றாய். பிறகு குரலைத் தணித்து, "ரெண்டு விற்னஸ் வேணுமாம். ஒண்டுக்கு நீங்கள் வாங்கோ. மற்றதுக்கு ஆரையாவது பிடிப்பம்," என்றாய். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பொறு, எழுதிச் சொல்லுறன்," என்றேன். நீ சிரித்தாய். "எழுதியோ? ரெக்ஸ்ற் பண்ணுங்கோம்மா," என்றாய். இது ரெக்ஸ்ற்றில் அடங்காது தம்பி. பனியிலும் மழையிலும் உன்னைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒருநாள் உதவும் என்று அப்போது எனக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டியாவது வாசி. மெலனிக்கும் வாசித்துக் காட்டு. அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய். ஒளித்துச் செய்கிற கலியாண எழுத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன். மெலனியைப் பிடிக்காததால் இல்லை. அந்தப் பிள்ளை முதல்நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, நண்டுக் கறியைக் கரண்டியால் நோண்டாமல் கையால் உடைத்துத் தின்றுவிட்டு, "அன்ரி, உப்புக் கொஞ்சம் கூட," என்று என் முகத்துக்கு நேரே சொன்னபோதே எனக்குப் பிடித்துவிட்டது. இருபத்தெட்டு வருடமாக நீயும் உன் அப்பாவும் என் சமையலுக்குச் சொல்லாத உண்மையை அவள் பத்து நிமிடத்தில் சொன்னாள். அவளுடைய ஆட்கள் மன்னார்க் கத்தோலிக்கர், பிக்கரிங்கில் வீடு, ஞாயிறு தவறாமல் சேர்ச். அது எனக்கு ஒரு குறையே இல்லை. உன் அப்பாவுக்கும் இல்லை. உன் அப்பாவிடம் கேட்டால், "பிள்ளையள் சந்தோசமா இருந்தாச் சரி," என்று சொல்லிவிட்டு கிரிக்கெட்டைப் பார்ப்பார். ஆகவே இந்த வீட்டில் தடை ஒன்றும் இல்லை. தடை உன் மாமா. நீ அவருக்குப் பயந்து ஒளிக்கவில்லை, அவரில் இருக்கும் பாசத்தால் ஒளிக்கப் பார்க்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

உன் மாமாவைப் பற்றி ஒரு சொல் கெடுதலாகச் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் குடும்பத்தில் முதலில் கனடா வந்தவர் அவர்தான். ரெஸ்ரோரன்ற்களில் கோப்பை கழுவி, கை வெடித்து, எங்களைப் பெற்ற ஐயாவையும் என்னையும் கூப்பிட்டவர். உனக்குக் கார் ஓட்டப் பழக்கியவரும் அவர்தான். மில்லிக்கனில் கடை பூட்டின பிளாசாவின் பார்க்கிங்கில் நீ அவருடைய புதுக் காரைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் இடித்தபோது, உன்னை ஏசாமல், "கம்பம் எப்பிடி, சுகமோ?" என்று கேட்டவர். அப்படிப்பட்ட மனுசன்தான் மெலனியின் விசயம் கேள்விப்பட்டதும், என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, "வேதக்காரப் பிள்ளை எண்டது எனக்கும் இப்ப பெரிசில்லை. ஆனா நான் வரமாட்டன். வதனிக்கு ஒரு நியாயம், உன்ர மகனுக்கு ஒரு நியாயம் எண்டு வைக்கேலாது. வைச்சா, அவளுக்கு நான் செய்தது பிழையெண்டு ஆகிடும்," என்றார். நீ அப்போது மேல்மாடியில் நின்றாய். 'வரமாட்டன்' என்றது மட்டும்தான் உன் காதில் விழுந்திருக்கும். வதனி யார் என்று நீ கேட்கவில்லை. இந்தக் கடிதமே அவளைப் பற்றியதுதான். ஆனால் அவளிடம் போக நாடகத்தின் வழியாகத்தான் போகவேண்டும், பொறுத்துக்கொள்.

போன இலையுதிர் காலத்தில் நான் நடித்த நாடகம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் இருவரும் பார்க்க வந்தீர்கள். முதியோர் இல்லத்து வேலையில் இருந்து ஓய்வு எடுத்த பிறகு, சும்மா இருக்க முடியாமல் நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தேன். அந்த முறை எங்கள் மாஸ்ரர் ஒரு பழைய ஸ்கொட்லாந்து துயர நாடகத்தைத் தமிழாக்கிக்கொண்டு வந்தார். எங்களுக்கு ஏன் ஸ்கொட்லாந்து என்று எல்லோரும் முணுமுணுத்தோம். அவர், "வாசிச்சுப் பாருங்கோ, பேரை மாத்தினா எங்கட ஊர்தான். அங்கையும் காணிக்கும் எல்லைக்கும் பரம்பரையாச் சண்டை, அங்கையும் ஆர் ஆரைக் கட்டுறது எண்டுதான் பிரச்சினை," என்றார். உடுப்புக்கு ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருந்த கட்டம் போட்ட சாரங்களைக் கொண்டுவந்து தந்தார்கள். நான்தான் அவற்றை முழங்காலளவுக்கு வெட்டி, ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்துகிற பாவாடை மாதிரி மடிப்பு வைத்துத் தைத்தேன். உன் அப்பாவின் நீலச் சாரமும் அதில் போனது. அவர் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறார், சொல்லிவிடாதே.

கதை இதுதான். பெரிய குடும்பம் ஒன்றின் மகள், பகையாளிக் குடும்பத்துப் பையனை ஒளித்துக் கலியாணம் கட்டுகிறாள். தகப்பனில் அவளுக்கு அவ்வளவு பாசம், அவருடைய மனம் நோகக்கூடாது, கொஞ்சக் காலம் போகட்டும் என்று நினைக்கிறாள். அது தெரிந்தவள் அவளுடைய தோழி ஒருத்தி மட்டும். தகப்பனுக்குச் சந்தேகம் வந்து தோழியைக் கூப்பிட்டுக் கேட்கிறார். தோழி தெரியாது என்கிறாள். பிறகு இரண்டு குடும்பமும் மோதுகிறபோது, மகளின் அண்ணன், எதிரே நிற்பவன் தன் மைத்துனன் என்று தெரியாமலே அவனை வெட்டிவிடுகிறான். கடைசிக் காட்சியில் தங்கச்சி வந்து பிணத்தின்மேல் விழுகிறாள். அண்ணன் வாளை எறிந்துவிட்டு, "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்று கேட்கிறான். அதோடு திரை. ஒத்திகையில் அந்த இடம் வரும்போது சாரம் கட்டின ஆம்பிளைகள் எல்லோரும் மூக்கைச் சிந்துவார்கள். எனக்கு ஒன்று மட்டும் உறைத்தது. அந்த நாடகத்தில் கெட்டவன் என்று ஒருவனும் இல்லை. தகப்பன் நல்லவர், மகள் நல்லவள், அண்ணன் நல்லவன். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் உயிரை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

நான் நடித்தது தோழியாக. தகப்பனாக நடித்த சிவம் அண்ணை தாடியை ஒட்டிக்கொண்டு, "உண்மையைச் சொல், என் மகள் மணம் முடித்தது உனக்குத் தெரியுமா?" என்று கேட்பார். நான் தலையைக் குனிந்து, "தெரியாது ஐயா," என்று சொல்லவேண்டும். இரண்டே சொல். ஒத்திகையில் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன், ஒவ்வொரு முறையும் முதல் சொல்லிலேயே தடக்கி நிற்பேன். மாஸ்ரர், "அக்கா, நல்லாச் செய்யிறியள், அந்தத் தடுமாற்றத்தை அப்பிடியே வைச்சிருங்கோ," என்றார். மேடையில் அன்றைக்கு, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், முன்வரிசையில் உன் மாமா இருக்க, சிவம் அண்ணை கேட்டார். நான் நிமிர்ந்து, "ஓம் ஐயா, எனக்குத் தெரியும்," என்றேன். நாடகம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கவேண்டும். தகப்பனுக்குத் தெரிந்துவிட்டால் பிறகு ஏது சண்டை, ஏது சாவு? சிவம் அண்ணை என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், திரைக்குப் பக்கத்தில் மாஸ்ரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் சிவம் அண்ணை தாடியைத் தடவி, "சரி, அதைப் பிறகு பாப்பம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நீயும் காருக்குள் வைத்து, "அம்மா லைனை மறந்திட்டா," என்று மெலனிக்குச் சொல்லிச் சிரித்தாய். நான் லைனை மறக்கவில்லை தம்பி. அதே லைனை நான் வாழ்க்கையில் ஒருதரம் சரியாகச் சொல்லி முடித்தவள். இன்னொரு தரம் சொல்ல முடியவில்லை.

வதனி என் தங்கச்சி. உனக்குச் சின்னம்மா. எங்களுக்குள் நாலு வயது வித்தியாசம். விசாவுக்காகக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் ஐயாவும் நாங்கள் இருவரும் காத்திருந்த காலம். உன் அப்பா அப்போது இங்கே வந்துவிட்டார், மாமாவும் இங்கே. பக்கத்து லொட்ஜில் அன்ரன் என்று ஒரு பெடியன் இருந்தான், தீவுப்பகுதிக் கத்தோலிக்கன், நல்ல பிள்ளை. இருவருக்கும் பிடித்துப்போனது. அந்த நேரம் பார்த்து மாமா ரொறன்ரோவில் ஒரு குடும்பத்துக்கு, வதனியைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு போனில் சந்தோசமாகச் சொன்னார். வதனி என்னிடம் வந்து, "அக்கா, இப்பச் சொன்னா ஐயா தாங்கமாட்டார். நாங்கள் எழுத்தை மட்டும் வைச்சுவிடுவம். எல்லாரும் கனடா போனாப்பிறகு ஆறுதலாச் சொல்லுவம். நீ சாட்சிக்கு வா," என்றாள். நீ குசினி வாசலில் நின்று சொன்ன அதே கதை. கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை, அதனால்தான் அன்றைக்கு நான் கத்தியைக் கீழே வைத்தேன். நான் போனேன். தெகிவளையில் பதிவுகாரர் வீட்டு விறாந்தையில், என்னுடைய நீலச் சேலையை அவள் உடுத்திக்கொண்டு நிற்க, என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு நாலு பேருமாக ஒரு கடையில் பற்றிஸ் வாங்கித் தின்றோம். நாலாவது ஆள் அன்ரனின் சிநேகிதன், மற்றச் சாட்சி. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்று மாதம் நின்றது அந்தக் கெட்டித்தனம். மாமா அனுப்பிய ஸ்பொன்சர் பேப்பரில் கலியாணம் ஆகாதவள் என்று வதனி கையெழுத்து வைக்கவேண்டி வந்தது. அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டு ஐயாவிடம் சொல்லிவிட்டாள். ஐயா கத்தவில்லை. கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்து, "உனக்கு இது தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டார். என் விசா வந்து கிடந்தது. உன் அப்பா இங்கே வாடகைக்கு அறை பார்த்துவிட்டார். தெரியும் என்றால் மாமா என்னையும் வெறுத்துவிடுவார், எல்லாம் நின்றுபோகும் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியாது ஐயா," என்றேன். வதனி என்னைப் பார்க்காமல், "அக்காவுக்குத் தெரியாது. அன்ரன்ர சிநேகிதரை வைச்சுத்தான் எழுதினனாங்கள்," என்றாள். என்னைக் காப்பாற்றினாள். நான் காப்பாற்றப்பட்டேன், விமானம் ஏறினேன், நீ பிறந்தாய். அவளை ஐயாவும் மாமாவும் தலைமுழுகினார்கள். நானும் கூடவே நின்றேன். அண்ணன் பட்ட பாட்டுக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலைந்து வருடத்துக்குப் பிறகு அன்ரன் தன் பாட்டில் இந்த நாட்டுக்கு வந்து, அவளையும் கூப்பிட்டு, இருவருமாக மார்க்கம் நகரத்தில் வீடு வாங்கினார்கள். எங்கள் வீட்டில் இருந்து காரில் பதினைந்து நிமிடம். உனக்கு ஆறு வயது இருக்கும், ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி எடுத்துக்கொண்டு நிற்கையில் ஒரு பெண் வந்து உன் கன்னத்தைத் தடவி, உன் பேரைக் கேட்டாள். நீ சொன்னாய். அவள் என்னைப் பார்த்தாள், நான் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு நீ, "ஆரம்மா அது?" என்று கேட்டாய். "ஆரோ ஒரு அன்ரி," என்றேன். இதை எழுதுகிறபோது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஐயா இங்கே காலமானபோது நீ ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும்தானே, ஒருவர் செத்தால் மரண அறிவித்தல் போடவேண்டும். இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் அன்பு மாமன், இன்னாரின் பாட்டன் என்று ஒரு பேர் விடாமல் எழுதி, இணையத்தில் போட்டு, வானொலியிலும் வாசிப்பிக்கவேண்டும். பேர் விடுபட்டால் அதற்காகவே பத்து வருடம் கதைக்காமல் இருக்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். என் கையெழுத்து வடிவு என்று மாமா சாப்பாட்டு மேசையில் என்னை இருத்தி, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். முதலில் தன் பேர். பிறகு என் பேர். பிறகு, "ஆகியோரின் பாசமிகு தந்தையும்," என்றார். நான் பேனையைத் தூக்கிக்கொண்டு இருந்தேன். "எழுதிப்போட்டியோ?" என்று கேட்டார். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் நான் நேர்மையாகச் சொல்லவேண்டும். அவருடைய குரலில் ஒரு தயக்கம் இருந்தது. நான் ஒரு சொல் கேட்டிருந்தால் அவர் இளகியிருப்பாரோ என்னவோ. நான், "ஓம், எழுதிட்டன்," என்றேன். மூன்று பிள்ளைகள் பெற்ற மனுசனை இரண்டு பிள்ளைகளின் தகப்பனாக எழுதி முடித்தேன். வதனி தன் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கையில் வானொலியில்தான் ஐயா செத்தது தெரிந்ததாம். தன்னுடைய பேர் வரும் வரும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றாளாம். சவச்சாலைக்கு வந்தாள், கடைசி வரிசையில் இருந்தாள், எழும்பிப் போனாள். நான் பார்த்தேன். எழும்பிப் போய் அவளின் கையைப் பிடிக்கவில்லை.

இப்போது உனக்குப் புரியும், நான் ஏன் உன் எழுத்துக்கு ஒளித்து வரமாட்டேன் என்று. ஒரு வருசம் போகட்டும் என்கிறாய். நாங்களும் அப்படித்தான் சொன்னோம், தம்பி. ஒளித்து வைத்த சங்கதி ஒரு வருடத்தில் ஆறாது. அதை மூட இன்னொரு பொய் வேண்டும், அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு ஆளைத் தள்ளிவைக்கவேண்டும். பாசத்துக்காக ஒளிக்கிறேன் என்று சொல்கிறவன், எதிரே இருக்கிறவர் உண்மையைத் தாங்கமாட்டார் என்று தானே முடிவெடுத்துவிடுகிறான். உன் மாமாவுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. பிறகு ஆறி வரவும் உரிமை இருக்கிறது. இரண்டையும் அவரிடம் இருந்து பறிக்காதே. மெலனியையும் யோசித்துப் பார். அவள் ஒரு வருடம் உன்னுடைய மனைவி இல்லாதவள் மாதிரி எங்கள் கொண்டாட்டங்களில் வந்து நிற்கவேண்டும். உப்புக் கூட என்று சொல்கிற பிள்ளையை நீ வாயை மூடச் சொல்லப்போகிறாய்.

உனக்கு எழுதிச் சொல்கிறேன் என்று சொன்ன மூன்றாம் நாள் நான் மார்க்கத்துக்கு, வதனி வீட்டுக்குப் போனேன். போன் செய்யாமல் போனேன், செய்தால் வரவேண்டாம் என்பாள் என்று. கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குத் தலை என்னைவிட நரைத்திருக்கிறது. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா," என்றாள். சோபாவில் இருத்திவிட்டு மேலே போய் ஒரு உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தெகிவளைப் பத்திரம். சாட்சி என்ற இடத்தில் என் பேர், என் கையெழுத்து. "இதை ஒருதரும் பாக்கேல்லை. ஒருதருக்கும் காட்டேல்லை," என்றாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. "அக்கா, எழுத்துக்கு நீ வந்தாய். அறிவித்தலில நீ என்னை எழுதேல்லை. முதலாவதை நினைச்சு ரெண்டாவதை மன்னிப்பம் எண்டு எத்தினை தரமோ பாத்தன், முடியேல்லை," என்றாள். நான் மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உன்னையும் மெலனியையும் பற்றிச் சொன்னேன், நீ கேட்டதைச் சொன்னேன். அவள் பத்திரத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, "ஒளிச்சுச் செய்ய வேண்டாமெண்டு சொல்லு. நான் செய்து பாத்தனான்," என்றாள். பிறகு, "இரு, தேத்தண்ணி போடுறன்," என்று எழும்பினாள். சீனி எத்தனை கரண்டி என்று அவள் என்னைக் கேட்கவில்லை. சரியாகத்தான் போட்டிருந்தாள்.

கையோடு ஒரு தாளைக் கொண்டுபோயிருந்தேன். உன் கலியாண அழைப்பிதழின் மாதிரி, நான் கையால் எழுதியது. காலையில் மண்டபத்தில் தாலி, பின்னேரம் சேர்ச்சில் மோதிரம், இரண்டு வீட்டுப் பேரும். அதில் மணமகனின் சின்னம்மா, சித்தப்பா என்று வதனியினதும் அன்ரனினதும் பேரை, மாமாவின் பேருக்குப் பக்கத்தில் எழுதியிருந்தேன். வதனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தாள். "இதை முதல் அண்ணையிட்டக் கொண்டுபோய்க் குடு. அவர் பாக்காமல் அச்சடிச்சா, அதுவும் ஒளிச்ச மாதிரித்தான்," என்றாள்.

கொண்டுபோனேன். அதுதான் இந்த வயதில் நான் செய்த கஷ்டமான வேலை. மாமாவிடம் தாளைக் கொடுக்கமுதல், "அண்ணை, வதனின்ர எழுத்துக்குச் சாட்சி வைச்சது நான்," என்றேன். மேடையில் நான் சொன்னதற்கு இதுதான் அர்த்தமோ என்று அவர் அப்போதே யோசித்திருக்கவேண்டும், ஏனென்றால் இடைவேளையோடு பார்க்கிங் பிரச்சினை என்று எழும்பிப் போனவர். ஆனாலும் முகம் வெளிறிவிட்டது. "அந்தப் பேப்பரில உன்ர பேர் இருக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப நான் ஒருத்தியைத்தான் தள்ளி வைச்சனான், மற்றவளை நடுவீட்டில வைச்சிருந்தனான்," என்றார். பிறகு, யாரிடம் சொல்கிறார் என்று தெரியாதமாதிரி, "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார். கடைசிக் காட்சியை அவர் பார்க்கவே இல்லை, தம்பி. மாஸ்ரர் எழுதின வசனத்தை அவர் எங்கே கேட்டார்? நான் அழுதுகொண்டே அவர் காலடியில் இருந்துவிட்டேன். அவர் என்னைத் தூக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. தாளை எடுத்து வாசித்தார். ஐயாவின் அறிவித்தலை நான் எழுதிய அதே கையெழுத்து. வதனியின் பேர் இருந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சப்பாத்தைப் போட்டு நடக்கப் போய்விட்டார். இன்றைக்குப் பதினொரு நாள், போன் இல்லை.

நீ பயப்படாதே. நானும் பயப்படவில்லை. அவர் வந்தால் முன்வரிசையில் நடுக் கதிரை அவருக்கு. வராவிட்டாலும் அந்தக் கதிரையில் ஒருவரையும் இருத்தமாட்டேன், வெறுமையாகவே கிடக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். என்னுடன் கதைக்காமல் விட்டாலும் அவர் என் அண்ணன்தான், உன் கலியாணத்துக்கு அடுத்தநாள் மிச்சப் பலகாரத்தோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவேன். இத்தனை காலம் ஒருவரை இழந்துவிடுவேன் என்று பயந்து இன்னொருவரை இழந்துகொண்டு இருந்தேன். அந்தப் பயத்தை உனக்குச் சீதனமாகத் தர எனக்கு விருப்பம் இல்லை. நீ செய்யவேண்டியது ஒன்றுதான். மெலனியைக் கூட்டிக்கொண்டு பகலில், நேராக, மாமா வீட்டுக்குப் போ. பிறிட்ஜைத் திறந்து பார்க்காமல் கதை. "மாமா, எங்களுக்குக் கலியாணம், நீங்கள் வரவேணும்," என்று சொல். அவர் ஓம் என்றாலும் இல்லை என்றாலும் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வா.

கையெழுத்து வைக்கிற நாளைக் குறித்துவிட்டுச் சொல். எல்லோருக்கும் தெரிய வைக்கிறதென்றால் நான் முதல் ஆளாக வந்து நிற்பேன், என் கையெழுத்து இப்போதும் வடிவுதான். இரண்டாவது சாட்சிக்கு ஆரையாவது பிடிப்பம் என்றாய், ஒருவரையும் பிடிக்கவேண்டாம். உன் சின்னம்மா வருகிறாள். என்னுடைய நீலச் சேலையைத்தான் உடுத்திக்கொண்டு வருவாளாம், இன்னும் வைத்திருக்கிறாள். நீ கேட்டாயே அன்றைக்குக் கடையில், ஆரம்மா அது என்று. அது என் தங்கச்சி.

அம்மா